முப்பத்தைந்து அணுக்களை இழுத்து வைத்த கதை

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் தடவிப் பார்க்கலாம்! 1981-ல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் அதைத்தான் செய்கிறது. கூரான உலோக ஊசியை ஒரு பரப்புக்கு மிக அருகே, கிட்டத்தட்ட ஒரு நானோமீட்டர் தூரத்துக்குக் கொண்டுபோய் மின்னழுத்தம் கொடுத்தால், தொடாமலேயே எலக்ட்ரான்கள் இடைவெளியைத் தாண்டும். இடைவெளி 0.1 நானோமீட்டர் குறைந்தால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு ஏறும். இதை வைத்தே மேடு பள்ளங்களை வரைந்துவிடலாம். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஒரு தொந்தரவு மட்டும் இருந்தது. ஊசி இவ்வளவு அருகில் போனால் லேசாக ஒட்டியிருக்கும் அணுக்கள் இடம் மாறிவிடும், படம் கெட்டுவிடும். கலிபோர்னியாவில் ஐபிஎம் அல்மடேன் ஆய்வகத்தில் இருந்த டான் ஐக்லர் அந்தத் தொந்தரவையே வேலையாக எடுத்துக்கொண்டார்.

1989-ல் அவரும் எர்ஹார்ட் ஷ்வைட்சரும் நிக்கல் படிகத்தின் மேல் செனான் அணுக்களைத் தூவினார்கள். ஏன் செனான்? மந்த வாயு, எதனோடும் இறுக ஒட்டாது. அதனாலேயே மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரும் வெற்றிடமும் தேவைப்பட்டன. ஊசியை ஓர் அணுவின் மேல் கொஞ்சம் இறக்கினால் அணு ஊசியின் கவர்ச்சியில் சிக்கும். அப்படியே இழுத்துப்போய், வேண்டிய இடத்தில் ஊசியைத் தூக்கினால் அணு அங்கேயே தங்கிவிடும். அவ்வளவுதான் வித்தை!

35 அணுக்கள், சுமார் 22 மணி நேரம். எழுதியது என்ன தெரியுமா? ஐ-பி-எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றும் 5 நானோமீட்டர் உயரம். 1990-ல் நேச்சர் இதழில் வந்தது. சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா என்ன :-)

'இனி எதையும் அணு அணுவாகக் கட்டலாம்' என்று பலர் கிளம்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் செனானில் உள்ள அணுக்களை இதே வேகத்தில் அடுக்கினால், பிரபஞ்சத்தின் வயதைப்போல் இரண்டு கோடி மடங்குக்கும் மேல் ஆகும். தொழிற்சாலைக் கனவு இந்த வழியில் நடக்காது.

என்னைக் கேட்டால், அந்த எழுத்துகளைவிட 1993-ல் ஐக்லர் குழு செய்ததுதான் பெரிய விஷயம். செம்பின் மேல் 48 இரும்பு அணுக்களை வட்டமாக, வேலி போல நிறுத்தினார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட எலக்ட்ரான்கள், கிணற்றில் கல் போட்டால் எழுவது போன்ற வளைய அலைகளாகப் படத்தில் தெரிந்தன. பாடப்புத்தகத்தில் சமன்பாடாக மட்டும் இருந்த எலக்ட்ரான் அலை அது.