பூக்க விடப்படாத பூஞ்செடி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு வருவோரின் கண்ணில் முதலில் படுவது, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்களே. அத்தேயிலை என்றும் பசுமை மாறாத ஒரு பூஞ்செடி என்பதும், அதன் வெண்மலர் மென்மணம் உடையது என்பதும் பலரும் அறியாத செய்தியாகும்.

கமேலியா என்னும் மலர்ச்செடிக் குலத்தைச் சேர்ந்த தேயிலை, வெட்டாமல் விட்டால் மரமாகவே வளரும். வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்க, அது பூக்கும். ஆயினும் தோட்டத்தில் அக்காட்சி அரிது. தளிரை ஓயாது கொய்வதாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வதாலும் செடி இடுப்பளவிலேயே நின்றுவிடுகிறது. பூவுக்குச் செல்லும் சத்து தளிருக்குக் குறைவு என்பது தோட்டக்காரரின் கணக்கு. நாற்றுகளை விதையிலிருந்து வளர்த்த காலத்தில், விதைக்கென ஒதுக்கிய மரங்கள் மட்டுமே பூக்க விடப்பட்டன. தண்டை வெட்டி நட்டு நாற்றாக்கும் முறை பரவியபின் அத்தேவையும் குறைந்தது.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டறிந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின்னரே வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் இணைந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

சரிவான நிலம், நீர் தேங்காத புளிப்பு மண், குளிர்ந்த காற்று ஆகிய மூன்றும் தேயிலைக்கு உகந்தவை. ஆனால் காடு திருத்திக் குழி வெட்டி நாற்று நட்டவை மனிதக் கைகளே. அக்கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தபின், கங்காணி முறையிலேயே தமிழகத்துத் தொழிலாளர் பெரிதும் திரட்டப்பட்டனர். 1938இல் இந்திய அரசு அதற்கும் தடை விதித்தது. வந்தவர்கள் லயங்களில் வாழ்ந்தனர். கூடை சுமந்து கொழுந்து கொய்தனர். தோட்டந்தோறும் தெய்வத்திற்கு ஓர் இடம் அமைத்தனர்.

இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. அயல்நாட்டுத் தொழிலாளரே அப்பணியில் மிகுதி. தோட்டத்து மக்களின் பிள்ளைகள் பலர் கல்வி கற்று நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்களின் பாட்டனார் நட்ட செடிகளோ நூறாண்டும் தளிர்விட வல்லவை.

மலைநாட்டு ஆலய நந்தவனங்களில் ஒரே ஒரு தேயிலைச் செடியையேனும் நட்டு, கத்தரி படாமல் வளர விடுதல் நன்று. சில ஆண்டுகளில் அது பூக்கும். பிறர் கோப்பைக்காகத் தம் வாழ்வையே தளிராகக் கொடுத்த அம்மக்களுக்கு அதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறில்லை.