முழங்கால் மேல விழுந்த பழி

"தம்பி, 90 பாகையோட நிப்பாட்டுங்கோ. அதுக்குக் கீழ போனா முழங்கால் போயிரும்." ஜிம்முக்குப் போன முதல் நாளே எனக்குக் கிடைச்ச அறிவுரை இது. சொன்ன அண்ணைக்கும் ஆரோ சொல்லித்தான் தெரியும். இந்தப் பயத்தின்ர ஊர் எது என்று தேடிப்போனால், 1961இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில போய் நிற்க வேண்டியிருக்கு.

அதுக்கு முன்னம் கதை வேற. 1921இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஹென்றி ஸ்டைன்போர்ன், பார்பெல்லை ஒரு முனையில செங்குத்தாக நிமிர்த்தி, தோளில சாய்ச்சு, குந்தினபடியே வாங்கிக்கொண்டு எழும்புவார். ரேக் எல்லாம் கிடையாது. அங்க முழு ஸ்குவாட் பரவ அவரும் ஒரு முக்கிய காரணம்.

பிறகு வந்தவர் கார்ல் க்ளைன். தானே வடிவமைச்ச ஒரு கருவியால 100க்கு மேற்பட்ட பாரந்தூக்குவோரின் முழங்கால்களை அளந்து, ஆழமாகக் குந்துவதால் மூட்டின் தசைநார்கள் தளர்ந்துபோகின்றன என்று எழுதினார். அடுத்த வருசமே 'ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட்' இதழ் அதைப் பெரிய கட்டுரையாக்கியது. பயிற்றுநர்களும் பாடசாலைகளும் பயந்துபோயினர். இதில ஒரு நியாயம் சொல்லவேணும்: குந்தவே வேண்டாம் என்று க்ளைன் சொல்லவில்லை. தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்வரை போகலாம் என்றுதான் சொன்னார். ஊர்வாயில அது "ஸ்குவாட் கூடாது" என்று ஆகிப்போச்சு.

ஆனால் க்ளைனின் அளவீட்டு முறையே கேள்விக்குரியது. கருவியைக் கையால அழுத்துபவருக்கு, முன்னால இருப்பவர் பாரந்தூக்குபவரா இல்லையா என்று தெரிந்திருந்தால், அழுத்தம் ஒரே மாதிரி இருக்குமா? 1971இல் மேயர்ஸும், 1989இல் சாண்ட்லர், வில்சன், ஸ்டோன் மூவரும் திரும்பச் சோதித்தார்கள். எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகும் மூட்டு தளரவில்லை. 1989 ஆய்வில் பவர்லிஃப்டர்களின் முழங்கால் சில அளவீடுகளில் மற்றவர்களைவிட இறுக்கமாகவே இருந்தது!

முன் சிலுவைத் தசைநாருக்கு வரும் இழுவை, முழங்கால் கொஞ்சமாக மடங்கியிருக்கும்போதுதான் கூட. ஆழம் போகப் போகக் குறையும். முழங்கால் சில்லுக்குப் பின்னால வரும் அழுத்தம் 90 பாகை அளவில்தான் உச்சம். அதற்குக் கீழே தொடையும் கெண்டைக்காலும் ஒன்றில ஒன்று முட்டி, பாரத்தில ஒரு பங்கைத் தாங்குகின்றன. பாதிக் குந்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. தூரம் குறைவென்பதால் ஆக்கள் தட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவினம், முதுகுதான் சுமக்கவேணும்.

அதுக்காக எல்லாரும் அடிவரைக்கும் போகவேணும் என்றில்லை. கணுக்கால் மடங்காதவருக்குக் குதி எழும்பும்; இடுப்பெலும்பின் அமைப்பும் ஆளுக்காள் வேறு. அடியில உடம்பைத் தளர்த்தி விழுந்து துள்ளி எழும்புறதுதான் உண்மையில ஆபத்தானது. இறங்கும்போதும் இறுக்கம் இருக்கவேணும்.

எங்கட அம்மம்மா கிணத்தடியில குந்தியிருந்து உடுப்புத் தோய்ச்சவ. அவவின் தோளில 100 கிலோ இருக்கவில்லைத்தான். நானும் 20 கிலோ வெறும் பாரோடதான் திரும்பத் தொடங்கினேன், அடிவரைக்கும். அண்ணை பாத்துக்கொண்டு நிண்டார். ஒண்டும் சொல்லேல்லை.