கூடங்குளத்துக் கம்ப்யூட்டரும் நம்ம கைப்பேசியும்

கோவில்பட்டியில் தெற்கே பஸ் ஏறினால் திருநெல்வேலி. அதற்கும் அப்பால் வள்ளியூர், ராதாபுரம் தாண்டிக் கடலோரத்தில் கூடங்குளம். 2019ஆம் ஆண்டு அங்கே ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. அந்த அக்டோபர் கடைசியில், "கூடங்குளம் கம்ப்யூட்டரில் திருடன் புகுந்துவிட்டானாம்" என்ற செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது.

29ந் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் தனித்து இயங்குபவை, இன்டர்நெட்டோடு சேராதவை, ஆகவே தாக்கவே முடியாது என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: தீய மென்பொருள் இருந்தது உண்மை, மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு செப்டம்பர் 4ந் தேதியே அதைக் கண்டு சொல்லியிருந்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டர், உலையின் முக்கிய நெட்வொர்க் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது. முதல் நாள் மறுப்பு அவசரப்பட்ட மறுப்பு என்பதே என் எண்ணம். முழுசா மறுத்துவிட்டு மறுநாள் பாதியை ஒப்புக்கொண்டால், மீதியையும் ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

வெளி ஆராய்ச்சியாளர்கள் அந்த மென்பொருளை 'டிட்ராக்' என்று அடையாளம் சொன்னார்கள். அது எதையும் உடைப்பதில்லை. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், பார்த்த பக்கங்களையும், டிஸ்கில் உள்ள கோப்புகளின் பட்டியலையும் சத்தமில்லாமல் குறித்துக்கொண்டு போகும்.

கரிசல்காட்டுக்காரனுக்கு இந்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம். நம்ம பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளில் மருந்து கலக்கும் அறையைப் பெட்டி அடைக்கிற கொட்டகையிலிருந்து தள்ளித்தானே கட்டுவார்கள்? ஓரிடத்தில் பொறி பட்டால் மற்றது தப்ப வேண்டும். கூடங்குளத்தில் நடந்ததும் அதுதான். பொறி ஆபீஸ் அறையில் விழுந்தது. மருந்து அறை தள்ளி இருந்தது.

இந்தத் திருட்டுக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பலர் பங்குபோட்டுக்கொண்ட ஒரே கம்ப்யூட்டருக்கு 1960களின் தொடக்கத்தில் பாஸ்வேர்டு வைத்தார்கள். ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962ல் பாஸ்வேர்டு கோப்பையே அச்சடிக்கச் சொல்லித் துளை அட்டை போட்டார். மெஷினும் சமத்தாக அடித்துக் கொடுத்தது! 1986ல் லாகூர் சகோதரர்கள் இருவர் எழுதிய 'பிரெய்ன்' பிளாப்பியில் ஊர் ஊராய்ப் போனது. அதற்குள் தங்கள் முகவரியையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வைரசுக்கு அத்தனை வெள்ளை மனசு. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' கடிதத்தை உலகமே ஆசையாய்த் திறந்து பார்த்தது.

2013ல் யாஹூவில் நடந்த திருட்டுதான் நம்மை நேரே தொடுவது. 300 கோடிக் கணக்குகள் அகப்பட்டன என்று அந்தக் கம்பெனியே 2017ல் சொன்னது. ஓரிடத்தில் கிடைத்த பாஸ்வேர்டை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடனின் வழக்கம். ஈமெயிலுக்கும் வங்கிக்கும் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பது, மருந்து அறையையும் கொட்டகையையும் ஒரே கூரையில் கட்டுவது போல. ஈமெயில் பாஸ்வேர்டு மட்டுமாவது தனியாக, நீளமாக இருக்கட்டும். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் கடிதமெல்லாம் அங்கேதான் வருகிறது. யுபிஐக்கென்று கொஞ்சப் பணத்தோடு ஒரு கணக்கு, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததற்கு வேறு கணக்கு என்று பிரித்து வைத்தாலும் நல்லது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் பணம் போட்டிருக்கேன், வரணும்னா பின் நம்பரப் போடுங்க" என்று எவனாவது சொன்னால், போனை வைத்துவிடுங்கள். யுபிஐயில் பின் கேட்பது பணம் போவதற்குத்தான். வருவதற்குப் பின்னே கிடையாது. வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து 'டிஜிட்டல் கைது' என்பானேயானால், அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை.

பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய எண் 1930. திருடன் அதை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் தகவல் போனால், வங்கி அங்கேயே நிறுத்தி வைக்க முடியும்.