அமெரிக்கத் தேர்தல்களில் பெண் வேட்பாளர்களும் பாலின இடைவெளியும்

அமெரிக்கத் தேர்தல் ஆய்வில் பாலின இடைவெளி இரு வகையாகப் பேசப்படுகிறது. வெற்றி பெற்ற வேட்பாளரை ஆதரித்த ஆண்களின் விழுக்காட்டுக்கும் பெண்களின் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு வாக்கு இடைவெளி எனப்படும். வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோராக உள்ள பெண்கள் பதவிகளில் அதைவிட மிகக் குறைந்த பங்கையே பெற்றிருப்பது பிரதிநிதித்துவ இடைவெளி எனப்படும். முன்னதற்கும் பின்னதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது பரவலான எண்ணமாயினும், தேர்தல் முடிவுகள் அதற்குப் பெரிதும் இடந்தருவதில்லை.

பெண்களின் வாக்குரிமையை நாடு முழுவதற்கும் உறுதிசெய்த 19ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1920இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு அவ்வுரிமை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. திருத்தத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, பெண்கள் வாக்களிக்க இயன்ற மொன்டானா மாநிலத்திலிருந்து ஜெனட் ராங்கின் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் உலகப் போரில் நாடு இறங்குவதை 1917இல் எதிர்த்து வாக்களித்த ஐம்பது உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1941இல், மீண்டும் உறுப்பினராகியிருந்த அவர், ஜப்பான் மீதான போர் அறிவிப்பை எதிர்த்த ஒரே உறுப்பினராக நின்றார். அவருக்குப் பின் வந்த பெண்களுள் பலர் மறைந்த கணவரின் இடத்துக்கு வந்தவர்கள். 1932இல் ஆர்கன்சாவிலிருந்து மேலவையான செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான ஹாட்டி காரவேயும் அவ்வழியே நுழைந்தவர்தான். ஆனால் சில மாதங்களில் விலகிவிடுவார் என்று தலைவர்கள் கருதியிருக்க, அவர் அதே ஆண்டில் முழுப் பதவிக்காலத்துக்கும் போட்டியிட்டு வென்றார்.

வாக்கு இடைவெளி 1980 குடியரசுத் தலைவர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரோனல்டு ரேகன் பெற்ற வெற்றியின்போது பொதுக் கவனத்துக்கு வந்தது. அவரை ஆதரித்த ஆண்களின் விழுக்காடு பெண்களுடையதைவிட ஏறத்தாழ 8 புள்ளிகள் மிகுந்திருந்தது. பெண்கள் இடம்மாறினர் என்று அக்காலத்தில் எழுதப்பட்டாலும், குடியரசுக் கட்சியை நோக்கி ஆண்கள், குறிப்பாக வெள்ளையர், நகர்ந்ததே இதன் பெரும்பகுதியை விளக்குகிறது எனப் பின்வந்த ஆய்வாளர் பலர் கருதினர். இரு முதன்மை வேட்பாளர்களும் ஆண்களாக இருந்த 1996இலும், ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் போட்டியிட்ட 2016இலும் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளின்படி இடைவெளி சுமார் 11 புள்ளிகளே. வேட்பாளர் பெண் என்பதைவிட எக்கட்சியினர் என்பதே வாக்கைப் பெரிதும் முடிவுசெய்கிறது. 2016இல் வெள்ளை இனப் பெண்களில் கிளின்டனைவிட அவரை எதிர்த்த குடியரசுக் கட்சியின் டிரம்பையே மிகுதியானோர் ஆதரித்தனர்.

அப்படியாயின் பெண்கள் குறைவாகத் தேர்ந்தெடுக்கப்படுவதேன்? பொதுத்தேர்தலில் ஒத்த நிலையில் போட்டியிடும் பெண்கள் ஆண்களைப் போன்ற அளவிலேயே வெல்கின்றனர் என்பது பல ஆய்வுகளின் முடிவாதலால், தடை அதற்கு முந்தைய கட்டங்களில் தேடப்படுகிறது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை, இட ஒதுக்கீடின்மை, மீண்டும் போட்டியிடும் உறுப்பினரை வீழ்த்துவதன் அருமை, கட்சி வேட்பாளரை வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலுக்கான பெருஞ்செலவு ஆகியவை சேர்ந்து புதியவர்களின் வழியை அடைக்கின்றன. தொடக்க நிதியே வேட்பாளரை உருவாக்குகிறது என்ற கணிப்பில் 1985இல் தோன்றிய எமிலிஸ் லிஸ்ட் என்ற அமைப்பு, கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சிப் பெண்களுக்கு நிதி திரட்டியது. தொகுதி மறுவரையறையாலும் உறுப்பினர்களின் ஓய்வாலும் இடங்கள் பல காலியான 1992இல், பிரதிநிதிகள் அவைக்கு 24 பெண்கள் புதிதாக வந்தனர்.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸ் 2020இல் முதல் பெண் துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024இல் குடியரசுத் தலைவர் போட்டியில் தோற்றார். அதன் பின் அமைந்த காங்கிரசில் (நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சேர்த்து) பெண்களின் பங்கு சுமார் 28 விழுக்காடு. அவர்களில் பெரும்பான்மையினர் ஜனநாயகக் கட்சியினர்.