மண்டையோடும் மழலையரும்

பேராக் ஆறு கடலொடு கலக்கும் பாகான் டத்தோ, தென்னைக்கும் செம்பனைக்கும் பேர்பெற்ற வட்டாரம். இத்தகைய தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவருள் தமிழ்ப் பெண்டிர் பலர். 2020 சனவரி முதல் நாள் மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பெற்ற பராக்குவாட்டும் தோட்டங்களில் வழங்கிய நஞ்சுகளுள் ஒன்று.

நஞ்சுக் கலத்தின்மீது மண்டையோடு பொறிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய வழக்கம். எழுத்தைப் படித்தறியக் காலம் வேண்டும். அம்மொழி அறியாதார்க்குக் காலமிருந்தும் பயனில்லை. படமோ பார்த்த மாத்திரத்தே கண்ணில் பதியும். ஆயின், கண்ணில் பதிந்தது கருத்தில் பதியுமா?

1971இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர நச்சுத்தடுப்பு நிலையத்தார்க்கு இவ்வையம் எழுந்தது. மண்டையோடு சிறுவர்க்குக் கடற்கொள்ளையர் கதைகளையே நினைவூட்டிற்று. அந்நகரப் பேஸ்பால் குழுவின் பெயரும் ‘கடற்கொள்ளையர்’ என்பதே. எனவே, அருவருத்து நாக்கை நீட்டும் பச்சை முகமொன்றை நஞ்சுக்குக் குறியாக்கினர். 1980களில் நடந்த ஆய்வுகளிலோ அதுவும் மழலையரைத் தடுக்கவில்லை.

காணும் விரைவு வேறு. உணரும் விரைவு வேறு. முன்னதை ஓவியன் தரலாம்; பின்னது கற்பித்தாலன்றி வாராது. மழலைக்கு எட்டாத இடமே காப்பு. பள்ளிப் பிள்ளைக்கோ, அகரம் கற்பிக்கும் ஆசிரியர் இக்குறியையும் ஓர் எழுத்தாகவே கற்பித்தல் வேண்டும்.