புள்ளிவிவரத்தில் இடம்பெறாத உழைப்பு: மைக் வெப்ஸ்டர்

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்களையே சான்றாகக் கொள்கின்றனர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவர், பிடிப்பவர், ஏந்தி ஓடுபவர் ஆகியோருக்குக் கெஜக் கணக்கு உண்டு. அவர்களுக்காக எதிரணியினரை உடலால் தடுத்து நிறுத்தும் முன்வரிசை வீரருக்கு அத்தகைய கணக்கு இல்லை. எனில், அவருடைய உழைப்பை எந்த ஆவணத்தில் தேடுவது?

விஸ்கான்சின் மாநிலத்தில் 1952இல் பிறந்த மைக் வெப்ஸ்டரை, 1974ஆம் ஆண்டு வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி எடுத்தது. அவர் ஆடிய இடம் சென்டர். குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அதே கணத்தில் எதிரே பாய்ந்து வருபவரை மோதித் தடுப்பது அப்பணி. பயிற்சியிலும் ஆட்டத்திலுமாக 17 பருவங்கள் அம்மோதல் தொடர்ந்தது; கடைசி இரண்டு பருவங்கள் கான்சாஸ் சிட்டி அணியில். நான்கு சூப்பர் பௌல் வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு. 1997இல் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அவருடைய நினைவு தடுமாறியிருந்தது. சில இரவுகளைத் தம் வாகனத்திலேயே கழித்தார்.

2002இல், 50 வயதில், அவர் மாரடைப்பால் இறந்தார். உடற்கூறாய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு. வெளித்தோற்றத்தில் இயல்பாயிருந்த மூளையின் திசுக்களில் டௌ புரதப் படிவுகளை அவர் கண்டார். 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் அதைக் கட்டுரையாக வெளியிட்டனர். தேசியக் கால்பந்துக் கழகத்தின் மருத்துவக் குழுவைச் சேர்ந்தோர் அக்கட்டுரையைத் திரும்பப் பெறுமாறு கோரினர்.

ஆனால், வீரர்களின் ஓய்வூதிய வாரியமோ 1999இலேயே, ஆட்டத்தில் பட்ட தலைக்காயங்களே வெப்ஸ்டரின் நிரந்தர இயலாமைக்குக் காரணம் என ஏற்றிருந்தது. கழகத்தின் பிரதிநிதிகளும் வீரர் சங்கத்தின் பிரதிநிதிகளும் சேர்ந்து அமர்ந்த வாரியம் அது. அறிவியல் இதழில் மறுக்கப்பட்ட உண்மை, ஓய்வூதியக் கோப்பில் முன்பே பதிவாகியிருந்தது. முழு நிலுவைத் தொகைக்காகக் குடும்பம் தொடர்ந்த வழக்கில், 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கமே நின்றது.

சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோயை ஆராய்பவர், நிறுவன அறிக்கையோடு நின்றுவிடாமல் இழப்பீட்டு மனுக்களையும் தேடிப் படிப்பார். விளையாட்டையும் உழைப்பாகக் கருதினால், முன்வரிசை வீரரின் வரலாறும் அத்தகைய கோப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும்.