வளைகுடா வீடுகளில் ஐவிக் கொடிகள்

ஐவி என்பது ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளில் மரத்திலும் சுவரிலும் வேர்விட்டு ஏறும் ஹெடரா பேரினத்துக் கொடிகளின் பெயர். இலையின் சாயலாலோ படரும் பழக்கத்தாலோ வேறு பல கொடிகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துபாய், தோஹா, மஸ்கட் நர்சரிகளில் ஐவி என்று கேட்டால் திராட்சைக் குடும்பத்துக் கொடியும் வரும், சேம்புக் குடும்பத்துக் கொடியும் வரும், துளசிக் குடும்பத்துச் செடியும் வரும். இவற்றில் அசல் ஐவி வளைகுடாவின் திறந்த சுவரில் ஒரு கோடையைக் கடப்பது அரிது. கடப்பவற்றுள் கோவை, பிரண்டை போல நம் ஊர் வேலிகளில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடப்பவையும் உண்டு.

பற்றும் முறை

கொடியை இனம் காண எல்லோரும் முதலில் பார்ப்பது இலையை. இலை ஏமாற்றும், ஒரே கொடியில் இளம் இலை ஒரு வடிவிலும் முதிர்ந்த இலை வேறு வடிவிலும் இருக்கும். எதைக் கொண்டு பிடித்து ஏறுகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. சார்லஸ் டார்வின் 1865இல் லின்னேயன் சங்க இதழில் எழுதி, 1875இல் திருத்தி நூலாக்கிய ஆய்வில் ஏறுகொடிகளை இந்த அடிப்படையில்தான் பிரித்தார்: தண்டே சுற்றி ஏறுபவை, இலைக்காம்பாலோ பற்றுக்கம்பியாலோ பிடிப்பவை, கொக்கியால் தொற்றுபவை, வேரால் ஒட்டுபவை.

கொடியை எங்கே வைப்பது என்பதையும் இதுவே தீர்மானிக்கும். வேரால் ஒட்டும் கொடிக்குச் சுவர் போதும். ஆனால் அதைப் பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியும். பற்றுக்கம்பிக் கொடிக்கு மெல்லிய கம்பியோ கயிறோ வலையோ வேண்டும். வழுவழுப்பான சுவரோரம் நட்டால் தரையிலேயே கிடக்கும். சுற்றுக்கொடிக்கு நிமிர்ந்த கழி வேண்டும். முள்கொடியை நாம்தான் இழுத்துக் கட்ட வேண்டும். வாடகை ஃபிளாட்டில் குடியிருப்பவர், காலி செய்யும் நாளில் டெபாசிட் தொகை பிடித்தம் இல்லாமல் கைக்கு வரவேண்டும் என்று நினைத்தால், வேரால் ஒட்டும் எதையும் சுவரில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

இனம் காணுதல்

ஆங்கில ஐவி எனப்படும் ஹெடரா ஹீலிக்ஸின் இளந்தண்டில் மூன்று அல்லது ஐந்து மடல் கொண்ட இலைகளும், சுவரைத் தொடும் பக்கம் நெடுகக் குட்டை வேர்களும் இருக்கும். அந்த வேர்களில் கசியும் மஞ்சள் நிறப் பசையை டார்வினே குறித்திருக்கிறார். பசையில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதைப் பின்னாளைய ஆய்வுகள் கண்டன. கொடி உச்சியை எட்டி வெயில் கண்டதும் முதிர்நிலைக்கு மாறும்: இலையில் மடல் இராது, தண்டில் வேர் இராது, பச்சை கலந்த மஞ்சள் பூக்கள் குடைபோல் விரியும். வளைகுடாத் தொட்டிகளில் இந்த நிலையைப் பார்க்க வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். அல்ஜீரிய ஐவிக்கு இலை பெரிது, காம்பு செந்நிறம். வெப்பத்தையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பாரசீக ஐவியின் தடித்த இலையைக் கசக்கினால் செலரி வாசம் அடிக்கும். பாரசீகம் என்ற பெயரைப் பார்த்து இது வளைகுடா வெயிலுக்குப் பழகியது என்று வாங்கக் கூடாது. அதன் பிறப்பிடம் காக்கசஸ் மலைப்பக்கத்து ஈரக் காடு.

பாஸ்டன் ஐவி கிழக்காசியாவைச் சேர்ந்தது. அதன் பற்றுக்கம்பியின் ஒவ்வொரு நுனியிலும் குண்டூசித் தலை அளவு ஒட்டுவட்டு இருக்கும். ஒரே காம்பில் ஐந்து சிற்றிலை இருந்தால் அது அமெரிக்காவின் வர்ஜீனியா க்ரீப்பர். இரண்டும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும் திராட்சைக் குடும்பத்துக் கொடிகள். துபாயில் ஜனவரி இரவின் சராசரியே 14 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த ஓய்வு இங்கே கிடைக்காது. படத்தில் பார்த்த செங்கல் சுவரையும் சிவந்த இலையையும் நினைத்து இவற்றை வாங்குவது வீண் செலவு. அதே குடும்பத்தின் கிரேப் ஐவி, மூன்று சிற்றிலையும் கிளைத்த பற்றுக்கம்பியும் உடையது, குளிரூட்டிய அறைக்குள் நன்றாக வளரும்.

ஸ்வீடிஷ் ஐவி ஏறுகொடியே அல்ல, தொங்குசெடி. தண்டு சதுரமாக இருப்பதிலிருந்து அது கற்பூரவல்லியின் உறவு என்று கண்டுகொள்ளலாம். கட்டை விரல் நகத்தைவிடச் சிறிய இலைகளோடு சுவரில் அப்பிக்கொண்டு, கிள்ளினால் பால் வடிப்பது ஃபைகஸ் ப்யுமிலா. அத்திக்கும் ஆலுக்கும் இனம். வில்லாக்களின் வடக்குப் பார்த்த சுவரில் வளைகுடாவிலும் தழைக்கும் வேர்க்கொடி இதுதான். கத்தரிக்காமல் விட்டால் தடித்த கிளைகளை வெளிப்பக்கம் நீட்டிச் சுவரைவிட்டு விலகத் தொடங்கும். தோலில் கொப்புளம் எழுப்பும் விஷ ஐவி வட அமெரிக்காவையும் கிழக்காசியாவையும் சேர்ந்தது. வளைகுடாவில் மூன்று சிற்றிலைக் கொடியைக் கண்டு அது விஷ ஐவியோ என்று பயப்பட வேண்டாம்.

ஆங்கிலத்தில் பிசாசின் ஐவி என்ற பட்டப்பெயர் பெற்றிருப்பது நம் மணி பிளான்ட், எபிப்ரெம்னம் ஆரியம். தென் பசிபிக்கின் மோரியாத் தீவு அதன் பூர்வீகம். ஊர் ஊராக வளர்ந்தும் அது பூத்து யாரும் பார்ப்பதில்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரெல்லின் என்ற இயக்குநீரை உருவாக்கும் மரபணு அதில் சரியாக இயங்குவதில்லை என்று 2016இல் கண்டறிந்தனர். இதய இலை ஃபிலோடெண்ட்ரானோடு இதைக் குழப்புபவர் பலர். புது இலை வரும்போது பார்த்தால் வேறுபாடு தெரியும்: ஃபிலோடெண்ட்ரானின் குருத்து மெல்லிய உறைக்குள் இருந்து வரும், உறை பின்னர் காய்ந்து உதிரும், மணி பிளான்ட்டில் அப்படித் தனி உறை இராது. வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்பது வழக்கம். 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பேச்சு அது. வீட்டில் அந்தப் பலன் கிடைக்கச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019இல் வந்த மறுஆய்வு கணக்கிட்டது. அழகுக்காக வாங்கினால் போதும்.

தமிழர் வீடுகளில் கவனிக்க வேண்டிய குழப்பம் வேறொன்று. வெற்றிலையும் மணி பிளான்ட்டும் ஒரே பால்கனி நிழலில், ஒரே மாதிரித் தென்னைநார்க் கழியில் ஏறுகின்றன. இரண்டும் கணுவேரால் ஒட்டுபவை, இரண்டுக்கும் இதய வடிவ இலை. வெற்றிலையைக் கசக்கினால் காரமணம் வரும், நரம்புகள் அடியிலிருந்து வளைந்து எழும். மணி பிளான்ட் இலையில் மணமே இராது. அதைத் தெரியாமல் மென்றால் இலையிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் வாயையும் தொண்டையையும் குத்தி எரிக்கும். சளிக்கு வெற்றிலைச் சாறு கொடுக்கும் பழக்கமுள்ள வீட்டில் இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்க்கவே கூடாது. ஹெடராவின் சாறும் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும். அதன் காயும் இலையும் உண்ணத் தகாதவை.

வெயிலும் நீரும்

துபாயின் சராசரி ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. ஜூலை, ஆகஸ்ட்டில் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். 2013 பிப்ரவரியில் திறந்த துபாய் மிராக்கிள் கார்டனே கோடையில் பூட்டிவிடுகிறது. அமீரகத்தில் வெட்டவெளி வேலைக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியத் தடை உண்டு. அந்த மூன்று மாதமும் கொடிகளுக்கும் சோதனைக் காலம். நடுவது, தொட்டி மாற்றுவது, கத்தரிப்பது எல்லாவற்றையும் அக்டோபரில் தொடங்கி மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். மேற்குப் பார்த்த பால்கனியில் நிழல்வலை இல்லாமல் எதையும் நம்பி வைக்க முடியாது.

வெளி மண் சுண்ணாம்பு கலந்த காரமணல். நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளானால் நீர்க் குறைவு என்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவார்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாத கோளாறு. கார மண்ணிலும் கரைந்து நிற்கும் கீலேட் இரும்பு கொடுத்தால் தெளியும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப்பு கண்டால் உப்பு சேர்கிறது என்று பொருள். அடித்துளை வழியே வடியும் வரை நன்னீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. புர்ஜ் கலீஃபாவில் இந்த நீரைச் சேகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். வீட்டில் ஒரு வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தால் பால்கனித் தொட்டிகளுக்கு உதவும். ஆனால் அதில் சத்தும் இல்லை, ஆகவே உரத்தைத் தவறவிடக் கூடாது.

ஆங்கில ஐவியை வளர்க்க ஆசைப்படுபவர் வீட்டுக்குள், நேர்வெயில் படாத வெளிச்சமான சன்னலோரம் வைக்கலாம். அங்கே அதற்கு எதிரி வெப்பம் அல்ல, ஏசியின் வறண்ட காற்றில் பெருகும் சிலந்திப்பேன். இலையின் அடியில் பொடிப்பொடியாய் வெளுத்த புள்ளியும் நூலாம்படையும் அதன் அடையாளம். வாரம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தில் நீரைப் பீய்ச்சினால் பெரும்பாலும் அடங்கும்.

கோவையும் பிரண்டையும்

ஆங்கிலத்தில் கோவைக்கு ஐவிச் சுரை என்று பெயர். ஐந்து கோண இலை ஹெடராவை நினைவூட்டும். கிளைக்காத ஒற்றைப் பற்றுக்கம்பி அது வேறு என்று காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் மட்டுமல்ல, தென்மேற்கு அரேபியாவிலும் இது இயல்பாக வளர்கிறது. வெயில் இதற்குப் புதிதல்ல. அடியில் கிழங்கு இருப்பதால் கோடையில் கொடி காய்ந்தாலும் குளிர் தொடங்கியதும் மறுபடி துளிர்க்கும். ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி. பழத்து விதையைப் போட்டால் எது வரும் என்று பூக்கும்வரை தெரியாது. அதனால் காய்த்த கொடியிலிருந்து பென்சில் பருமனில் நான்கைந்து கணுவோடு வெட்டிய துண்டையே நட வேண்டும். தோட்டங்களில் பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி வைப்பார்கள். மகரந்தம் சேராமலே காய்க்கும் வகைகளும் உண்டு, பால்கனிக்கு ஏற்றவை அவைதான். பெண்பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும். கம்பிவலையோ நைலான் கயிறோ கட்டி ஏற்றி, காய்ப்பு ஓய்ந்ததும் குட்டையாக வெட்டிவிட வேண்டும். பழுக்க விட்டால் நமக்கு முன் கொண்டைக்குருவி முந்திக்கொள்ளும்.

பிரண்டை, கிரேப் ஐவியின் சொந்தப் பேரினமான சிஸ்ஸஸைச் சேர்ந்தது. நான்கு பட்டைத் தண்டில் நீரைத் தேக்கிக்கொள்வதால் தொட்டி நீரில்லாமல் காய்ந்தாலும் சமாளிக்கும். ஊருக்கு விடுமுறை போகிறவர் கவலையில்லாமல் விட்டுப்போகக்கூடிய ஒரே ஏறுகொடி இது என்பேன். அழுகவைப்பது அதிக நீர்தான்.

மண்ணில் நடும் வசதியுள்ள வில்லாவுக்குக் காகிதப்பூவும் ரங்கூன் மல்லியும் வேலிக்கு உகந்தவை. ஐந்து விரல் இலையுடைய ரயில்வே க்ரீப்பர் வேகமாக மூடும், ஆனால் பக்கத்துச் செடியையும் சேர்த்து மூடிவிடும். சாலை நடுவே தரையில் ஓடி ஊதாப் பூ பூப்பது மெரினா மணலில் பார்த்த அதே அடம்புக்கொடி. வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் முள்மரங்களைச் சுற்றி ஏறும் காக்குலஸ் பெண்டுலஸ் நம் கட்டுக்கொடியின் பேரினம். ஹஜர் மலையில் இலையே இல்லாததுபோல் தொங்கும் எஃபெட்ரா ஃபோலியாட்டாவும் உள்ளூர் ஏறுகொடிதான். நர்சரிகளில் இவை எளிதில் கிடைப்பதில்லை.

ஊரிலிருந்து வரும்போது ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் கொடித்துண்டு கொண்டுவரும் பழக்கம் பலருக்கு உண்டு. தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் இல்லாத நடவுப்பொருளை விமான நிலையத்தில் பறிமுதல் செய்யலாம். சமையலுக்கு இந்தியக் காய்கறிக் கடையில் வாங்கும் பிரண்டையில் ஒரு கணுவை நட்டாலே வேர்விடும். கோவைக்கு, ஏற்கெனவே காய்க்கும் கொடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேட்பதுதான் வழி.